விண்ணில் முதல் கவளம் விழுங்கிய டிப்ளமோக்காரர்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், வடசேரி)



டிப்ளமோ படிக்கிறோம் என்று சொன்னால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும். பி.இ. கிடைக்கலியோ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவியல் பக்கம் திரும்பிவிடுவார். எனக்கு இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. உங்களுக்கும் நடந்திருக்கும்.

இனிமேல் அப்படி யாராவது கேட்டால் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். யூரி ககாரின்!

விண்வெளிக்குப் போன முதல் மனிதர் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டு சங்கதிகள் பலருக்குத் தெரியாது. ஒன்று, விண்வெளியில் முதன்முதலாக உணவு உண்ட மனிதரும் அவர்தான். இரண்டு, அவர் நம்மைப்போல ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் படித்து வந்தவர். அதுவும் என்ன பாடம் தெரியுமா? ஃபவுண்டரி! மோல்டிங் மணலும் உருகிய இரும்பும்! இந்த இரண்டு சங்கதிகளையும் சேர்த்து அவருடைய வாழ்க்கையைச் சொல்லலாம் என்றுதான் இந்த ஆண்டு மலரில் பேனா எடுத்தேன்.

பசி தெரிந்த பிள்ளை

1934-ஆம் வருஷம் மார்ச் 9-ம் தேதி, ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலுள்ள குளூஷினோ என்ற சின்ன கிராமத்தில் ககாரின் பிறந்தார். அப்பா அலெக்சேய் தச்சர். அம்மா அன்னா கூட்டுப்பண்ணையில் மாடு பார்த்துப் பால் கறக்கிறவர். நாலு பிள்ளைகளில் இவர் மூன்றாவது.

1941-ல் ஹிட்லரின் படை அந்தக் கிராமத்தைப் பிடித்தது. ககாரின் வீட்டை ஒரு ஜெர்மன் அதிகாரி எடுத்துக்கொண்டார். குடும்பம் எங்கே போகும்? வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் மண்ணைத் தோண்டி, பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு குடிசை போட்டு அதற்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். 1943-ல் அண்ணன் வாலென்டினையும் அக்கா சோயாவையும் ஜெர்மானியர்கள் கூலி அடிமைகளாக இழுத்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்த பிறகுதான் இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

தச்சர் வீட்டுப் பிள்ளை, பனிக்காலம், மண் குடிசை, வயலில் விளைந்ததைப் படைகள் பிடுங்கிக்கொண்டு போன காலம். அந்தப் பிள்ளைகள் என்ன தின்று வளர்ந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிற்காலத்தில் உலகத்தின் மிக விலை உயர்ந்த சாப்பாட்டை வாயில் வைத்தவர், ஒருவேளைச் சோற்றின் மதிப்பைச் சின்ன வயசிலேயே படித்தவர்.

ஃபவுண்டரி ஷாப்பிலிருந்து ஆகாயத்துக்கு

1946-ல் குடும்பம் பக்கத்து ஊரான க்ஷாத்ஸ்க்குக்கு மாறியது. அங்கே அவருக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் போரில் விமானப்படையில் இருந்தவர். ஒரு நல்ல வாத்தியார் போதாதா? பையன் மனசில் விமானம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஆனால் வீட்டு நிலைமை அப்படி இல்லையே. பதினாறு வயசில், 1950-ல், மாஸ்கோ பக்கத்தில் லியூபெர்ட்ஸி என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளியாகப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பகலில் ஃபவுண்டரி, இரவில் தொழிலாளர் பள்ளி. 1951-ல் இரண்டையும் நல்லபடியாக முடித்தார். அங்கிருந்து, வோல்கா நதிக்கரையில் உள்ள சராத்தோவ் நகரத்து இண்டஸ்ட்ரியல் டெக்னிகத்தில் இடம் கிடைத்தது. டெக்னிகம் என்றால் என்ன? நம்ம பாலிடெக்னிக் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தியரியும் உண்டு, ஒர்க்‌ஷாப்பும் உண்டு. முடித்தால் டெக்னீஷியன் என்று டிப்ளமோ. கைச்செலவுக்காக வோல்கா துறைமுகத்தில் மூட்டை சுமந்ததும் உண்டு.

ஃபவுண்டரி ஷாப்பில் நாமும் மணலை இடித்திருக்கிறோம். பேட்டர்னை வைத்து, ரன்னர், ரைசர் வெட்டி, வார்ப்பை உடைத்துப் பார்க்கும்போது உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து! அந்தப் பொறுமைதான் அவருக்கும் முதல் பாடம்.

சராத்தோவில் ஒரு பறக்கும் சங்கம் இருந்தது. வாரக்கடைசியில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போக, இவர் அங்கே போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1955-ல் கையில் டிப்ளமோவும் இருந்தது, விமானத்தில் பறந்த அனுபவமும் இருந்தது. அதே வருஷம் ஓரென்பர்க் விமானப்படைப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கேயும் ஒரு சோதனை. விமானத்தைத் தரையில் இறக்குவது மட்டும் சரியாக வரவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிடுகிற நிலைமை வந்துவிட்டது. காரணம் என்ன? ஆள் குள்ளம்! உயரம் 157 சென்டிமீட்டர்தான். இருக்கையிலிருந்து பார்த்தால் ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். உட்காரும் இடத்தில் ஒரு மெத்தையைப் போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், விமானம் ஒழுங்காக இறங்கியது! ஒரு மெத்தை இல்லாமல் போயிருந்தால் உலக சரித்திரத்தில் வேறொரு பெயர் இருந்திருக்கும்.

1957-ல் வாலென்டினாவைத் திருமணம் செய்துகொண்டார். வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப்பகுதியில் வேலை. 1960-ல் விண்வெளிப் பயிற்சிக்கு இருபது விமானிகளைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இவரும் ஒருவர். வோஸ்தோக் கலத்தின் உருண்டை அறை சின்னது. அங்கே உயரம் குறைவாக இருந்தது வசதியாகப் போயிற்று. யார் முதலில் போக வேண்டும் என்று கூடப் பயிற்சி பெற்றவர்களிடமே ரகசியமாகக் கேட்டபோது, மூன்று பேர் தவிர எல்லாரும் ககாரின் பெயரையே எழுதினார்களாம். திறமையோடு குணமும் சேர்ந்தால்தான் அப்படி ஓட்டு விழும்!

விழுங்க முடியுமா?

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம்.

எடை இல்லாத இடத்தில் மனிதன் சாப்பிட்டால் என்ன ஆகும்? இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு அது டாக்டர்களைத் தூங்கவிடாத கேள்வி. தொண்டையில் வைத்த கவளம் கீழே இறங்குமா, அங்கேயே நிற்குமா? மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால்? பக்கத்தில் முதுகில் தட்டக்கூட ஆள் கிடையாது.

1957-ல் லைகா என்ற நாய் போனபோது, அதற்குக் கூழ் மாதிரி உறையவைத்த உணவைத்தான் வைத்திருந்தார்கள். விமானத்தை வில் போல வளைத்து ஓட்டி, சில விநாடிகள் எடையின்மையை உண்டாக்கி மனிதர்களிடமும் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் சில விநாடிச் சோதனை முழுச் சோதனை ஆகுமா?

உண்மையில் உணவை வயிற்றுக்குக் கொண்டு போவது புவியீர்ப்பு மட்டும் இல்லை. உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கிக் கவளத்தைத் தள்ளிக்கொண்டே போகின்றன. பற்பசை டியூபை வாலிலிருந்து அமுக்கிக்கொண்டு வருகிற மாதிரி. தலைகீழாக நின்று விழுங்கினாலும் கவளம் வயிற்றுக்குப் போகும். (ஹாஸ்டலில் யாரும் செய்து பார்த்து வார்டனிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்!)

ககாரினுக்குக் கொடுத்த சாப்பாடும் டியூப்தான். அலுமினிய டியூப், ஒவ்வொன்றும் சுமார் 160 கிராம். இரண்டில் அரைத்த இறைச்சி விழுது, ஒன்றில் சாக்லேட் கூழ். ஏன் டியூப்? தட்டில் வைத்தால் தட்டில் நிற்காது. தம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் வாய்க்கு வராது. வெளியே வந்த துளி உருண்டையாகி மிதந்து ஏதாவது ஒரு மின்கருவிக்குள் புகுந்துவிடும். டியூபின் வாயை வாய்க்குள் வைத்து அமுக்கினால் உணவு நேரே நாக்குக்குப் போகும். எளிய வழி, ஆனால் யோசித்துச் செய்த வழி.

இன்னொன்றும் கவனியுங்கள். போகவேண்டியது பூமியை ஒரே ஒரு சுற்று. ஆனால் கலத்தில் பத்து நாளுக்குக் குறையாத உணவு வைத்திருந்தார்கள். எதற்கு? பூமிக்குத் திருப்பி இறக்குகிற ரெட்ரோ எஞ்சின் ஒன்றுதான். அது எரியாமல் போனால் மாற்று கிடையாது. கலம் மெல்ல மெல்ல உயரம் குறைந்து தானாக விழும் வரை உள்ளே இருக்க வேண்டும். அதுவரைக்கும் உயிர் பிடித்து வைக்கத்தான் அந்தச் சாப்பாடு! அந்த டியூப்கள் ஒவ்வொன்றும் ஒரு பயத்தின் கணக்கு.

108 நிமிஷம்

1961 ஏப்ரல் 12. பைகனூர் ஏவுதளம். மாஸ்கோ நேரப்படி காலை 9 மணி 7 நிமிஷம். ககாரினுக்கு வயசு 27. இரண்டாவது மகள் பிறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

உலகம் 108 நிமிஷம் என்று எழுதி வைத்த பயணம் அது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறினால் திருநெல்வேலி போய்ச் சேர ஏறக்குறைய அந்த நேரம்தான் ஆகும். அதற்குள் அந்த மனுஷர் பூமியையே சுற்றிவிட்டார்!

அந்தப் பயணத்துக்கு நடுவில் டியூபைத் திறந்து சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். நினைத்துப் பாருங்கள், காலையில் சாப்பிட்டுவிட்டு ஏறியவருக்கு அந்த நேரத்தில் என்ன பசி இருந்திருக்கும்? பசிக்காக அவர் சாப்பிடவில்லை. மனிதன் விண்ணில் விழுங்க முடியுமா என்ற கேள்விக்குத் தன் தொண்டையையே சோதனைச்சாலை ஆக்கினார். விழுங்க முடிந்தது. தரையில் சாப்பிடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று திரும்பி வந்து அறிக்கை கொடுத்தார். குறிப்பு எழுத வைத்திருந்த பென்சில்தான் கைநழுவி மிதந்து எங்கோ போய்விட்டது!

ஆனால் எல்லாம் சுகமாக நடக்கவில்லை. ராக்கெட், கலத்தைத் திட்டமிட்டதைவிட உயரத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. அதிகபட்ச உயரம் 327 கிலோமீட்டர். அந்த உயரத்தில் ரெட்ரோ எஞ்சின் எரியாமல் போயிருந்தால், சாப்பாடு தீர்ந்த பிறகும் கலம் விழாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கலாம். நல்லவேளை, எஞ்சின் எரிந்தது. அடுத்ததாக, கழன்று விலகவேண்டிய கருவிப் பகுதி ஒயர்க் கற்றையால் ஒட்டிக்கொண்டு விலகாமல் நின்றது. கலம் பம்பரமாய்ச் சுழன்றது. காற்று மண்டலச் சூட்டில் அந்த ஒயர்கள் அறுந்த பிறகுதான் நிலைமை சீரானது. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே தள்ளப்பட்டு, பாராசூட்டில் தனியாக இறங்கினார்.

எங்கே இறங்கினார் தெரியுமா? சராத்தோவ் பகுதியில்! டிப்ளமோ படித்து, முதன்முதல் விமானம் ஓட்டிய அதே மண்ணில்! கதையில் எழுதினால்கூட நம்பமாட்டோம்.

டியூபிலிருந்து அல்வா வரை

ககாரின் திறந்துவிட்ட கதவு வழியாக மற்றவர்கள் நுழைந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் டிட்டோவ் ஒரு நாளுக்கு மேல் விண்ணில் இருந்தார். அவருக்கு வாந்தி வந்தது. விழுங்குவதில் சிக்கல் இல்லை, தலைசுற்றலில்தான் சிக்கல் என்று அதிலிருந்து தெரிந்தது. 1962 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜான் க்ளென் ஆப்பிள் கூழை டியூபிலிருந்து சாப்பிட்டார். 1965-ல் ஜான் யங் யாருக்கும் தெரியாமல் பையில் ஒரு சாண்ட்விச்சை ஒளித்துக்கொண்டு போய்ப் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. ரொட்டித் துணுக்கு மிதந்து கருவிக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போனால் என்ன ஆகும்? அதனால்தான் 1985-க்குப் பிறகு அமெரிக்கர்கள் ரொட்டியை விட்டுவிட்டு, நம்ம சப்பாத்தி மாதிரியான மெக்சிகோ நாட்டுத் தட்டை ரொட்டிக்கு மாறினார்கள். உப்பையும் மிளகையும்கூடத் தூளாகத் தூவ முடியாது, திரவமாக்கித்தான் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் நேந்திரங்காய் சிப்ஸ் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அங்கே கடித்தால் வம்புதான்!

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பயணம் முடிந்த அதே 1961-ஆம் வருஷக் கடைசியில் ககாரின் இந்தியா வந்தார். டில்லி, பம்பாய், கல்கத்தா, ஹைதராபாத் என்று சுற்றினார். பக்கத்து இலங்கைக்கும் போனார். அதே டிசம்பர் மாதத்தில்தான் மைசூரில் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. மலை உச்சியிலும் பாலைவனத்திலும் நிற்கிற நம் ராணுவ வீரர்களுக்குக் கெடாத உணவு செய்து தருவதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. ஆனால் 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா ரஷ்யர்களோடு சல்யூட்-7 நிலையத்துக்குப் போனபோது, அவர் கொண்டு போன இந்தியச் சாப்பாடு அங்கே தயாரானதுதான். அல்வா, காய்கறிப் புலாவ், உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் சேர்ந்த கறி!

2025 ஜூன் 25-ம் தேதி புறப்பட்டுச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா, கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் கொண்டுபோய் மற்ற நாட்டு வீரர்களோடு பகிர்ந்து சாப்பிட்டார். டியூப் விழுதிலிருந்து அல்வா வரைக்கும் வந்துசேர அறுபத்து நாலு வருஷம்!

இதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நாம் படிக்கிற பாடங்களே. ஃப்ரீஸ் டிரையிங் என்று ஒரு முறை. உணவை உறையவைத்து, வெற்றிடத்தில் வைத்தால் உள்ளே இருக்கிற பனிக்கட்டி தண்ணீராக உருகாமலே நேராக ஆவியாகிவிடும். உருவம் அப்படியே இருக்கும், எடை மட்டும் போய்விடும். அங்கே போய் வெந்நீரை ஏற்றினால் பழையபடி சாப்பாடு. நம்ம ஆச்சிமார் மொட்டை மாடியில் போடுகிற வற்றலும், சந்தையில் விற்கிற கருவாடும் இதே தத்துவம்தான். அதில் நீரை எடுப்பது வெயில், இதில் எடுப்பது வேக்குவம் பம்ப். இன்னொரு முறை ரிட்டார்ட் பை. அலுமினியத் தகடும் பிளாஸ்டிக்கும் பல அடுக்காக ஒட்டிய பைக்குள் உணவை வைத்து மூடி, அழுத்தத்தில் 120 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடாக்குவார்கள். கிருமி செத்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. அம்மா குக்கரில் செய்வதை அறிவியலாகச் செய்தால் அதுதான்! கடைகளில் விற்கிற ரெடிமேட் கறிப் பைகளும் இந்த வழியில் வந்தவைதான்.

முடிந்துபோன வாழ்க்கை

உலகம் முழுக்க மாலை போட்ட மனிதருக்கு வீட்டில் உட்கார்ந்து புகழை அனுபவிக்கத் தெரியவில்லை. மறுபடியும் படிக்கப் போனார். ஷுகோவ்ஸ்கி விமானப்படைப் பொறியியல் அகாடமியில் சேர்ந்து, 1968 பிப்ரவரியில் இன்ஜினியராக வெளியே வந்தார். டிப்ளமோ வாங்கிப் பதின்மூன்று வருஷம் கழித்து! விண்வெளிக்கே போய்வந்த பிறகும் பாடப்புத்தகத்தை மூடாதவர்.

நடுவில் ஒரு பெரிய அடி. 1967 ஏப்ரலில் நண்பர் கொமரோவ் சோயுஸ்-1 கலத்தில் போனார். அவருக்கு ஏதாவது ஆனால் மாற்றாகப் போகவேண்டியவர் ககாரின். இறங்கும்போது பாராசூட் சரியாக விரியாமல் கொமரோவ் உயிரிழந்தார். நாட்டின் சொத்தான இவரையும் இழந்துவிடக் கூடாதென்று, ககாரின் மறுபடி விண்வெளிக்குப் போவதற்குத் தடை விழுந்தது.

அதற்குப் பிறகும் விமானம் ஓட்டுவதை அவர் விடவில்லை. 1968 மார்ச் 27-ம் தேதி, பயிற்றுநர் செர்யோகினோடு மிக்-15 பயிற்சி விமானத்தில் போனபோது, கிர்ஷாச் என்ற ஊருக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். ககாரினுக்கு வயசு 34. பட்டம் வாங்கி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள். அஸ்தி கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது. சிறுவயதில் வளர்ந்த க்ஷாத்ஸ்க் ஊருக்கு அதே வருஷம் ககாரின் என்று பெயர் வைத்தார்கள்.

நமக்கு என்ன?

வடசேரியில் பஸ் ஏறி ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. நம் நாட்டவரை நம் ராக்கெட்டிலேயே அனுப்புகிற ககன்யான் திட்டத்துக்கான எஞ்சின்களை அங்கேதான் எரித்துச் சோதித்தார்கள். வால்வைத் திருகவும், பைப்பில் கசிவு பார்க்கவும், வெல்டிங்கைச் சோதிக்கவும், கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று குறிக்கவும் அங்கே ஆள் வேண்டும். அந்த வேலைக்கெல்லாம் டிப்ளமோ படித்தவர்கள் உண்டு. சாப்பாட்டுப் பக்கத்திலும் அப்படித்தான். பையை ஒட்டுகிற மிஷினும், வேக்குவம் பம்பும், பாய்லரும் ஓடினால்தானே அல்வா மேலே போகும்?

மக்கா, ஃபவுண்டரி ஷாப்பில் சட்டையெல்லாம் கரியாகி நிற்கிற நாளில், டிப்ளமோ என்பது ஏதோ கிடைக்காமல் போனதற்கு ஆறுதல் பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். சராத்தோவில் ஒரு குள்ளமான பையனும் அப்படித்தான் மணலும் கையுமாக நின்றான். வார்ப்பு சரியாக வரும்வரை இடிக்கிற பொறுமை, இறக்கம் சரியாக வரும்வரை முயல்கிற பிடிவாதம், யாரும் விழுங்கிப் பார்க்காததை முதலில் தான் விழுங்கிப் பார்க்கிற துணிச்சல். இந்த மூன்றும் ககாரினுக்கு ஒரே நாளில் பைகனூரில் வந்துவிடவில்லை.

ஒர்க்‌ஷாப் பீரியடுக்கு மணி அடித்துவிட்டால், வாங்க, போவோம்!